ஃபயர்எஃப்டிபி போன பிறகு ஃபைல்ஸில்லா: கீழக்கரைக் கடையொன்றிலிருந்து ஒரு மதிப்புரை

கீழக்கரையில் தொதல் என்னும் இனிப்பும் கருவாடும் விற்கும் கடை ஒன்றின் இணையதளத்தைப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நான் கவனித்து வருகிறேன். வேலை சிறியதுதான். வாரத்திற்கு இரண்டு முறை விலைப்பட்டியலைத் திருத்திப் பிடிஎஃப் கோப்பாகச் சர்வரில் ஏற்ற வேண்டும்; பெருநாள் நெருங்கும்போது புதிய படங்களை ஏற்ற வேண்டும். ஆனால் அந்தக் கடையின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருப்பவர்கள். பட்டியலில் இருக்கும் விலையைப் பார்த்துத்தான் ஊரில் இருக்கும் உறவினருக்கு வாட்ஸப்பில் சொல்லி வாங்கச் சொல்வார்கள். விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் நெத்திலியும் சீலாவும் நேற்று விற்ற விலைக்கு இன்று கிடைப்பதில்லை என்பதால், அந்த இரண்டு மாதமும் பட்டியல் ஏறக்குறைய நாள்தோறும் மாறும். ஆகவே கோப்பு அனுப்பும் வசதி எங்களுக்குத் தராசைப் போன்ற ஒரு கடைச் சாமான்.

அந்த வசதியைப் பிரௌசர் மேம்பாடுகளால் நான் இரண்டு முறை இழந்தேன். அதற்கு ஈடாக எடுத்துக்கொண்ட ஃபைல்ஸில்லா என்ற மென்பொருளைப் பற்றியும், அதன் பக்கத்திலேயே வைத்துப் பயன்படுத்தும் வின்எஸ்சிபி என்ற இன்னொரு மென்பொருளைப் பற்றியும் எழுதுகிறேன்.

முதல் இழப்பு 2017 நவம்பரில் வந்தது. அதுவரை ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசருக்குள் ஃபயர்எஃப்டிபி என்ற நீட்சியை, அதாவது பிரௌசரோடு சேரும் துணை மென்பொருளை, நிறுவி வைத்திருந்தேன். எஃப்டிபி என்பது கணினிகள் தமக்குள் கோப்புகளை அனுப்பப் பின்பற்றும் நெறிமுறை. ஒரு டேபில் கடையின் தளம் திறந்திருக்கும். பக்கத்து டேபில் இடப்புறம் என் கணினியின் கோப்புகளும் வலப்புறம் சர்வரின் கோப்புகளும் தெரியும். இங்கிருந்து அங்கே அனுப்பிவிட்டு முதல் டேபுக்குத் திரும்பிப் பக்கத்தைப் புதுப்பித்தால் புதிய விலை நிற்கும். கடையில் கணக்கு எழுதும் பெண்ணுக்கு இதைக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம்தான் ஆயிற்று, ஏனென்றால் அவர் ஏற்கெனவே அறிந்த பிரௌசரை விட்டு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 14 அன்று வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 57 பழைய வகை நீட்சிகள் அனைத்தையும் கைவிட்டது. பழைய நீட்சிகள் பிரௌசரின் உள்ளுறுப்புகள் வரை கைநீட்டி வேலை செய்தவை. அதனால்தான் ஒவ்வொரு மேம்பாட்டின்போதும் ஏதாவது ஒன்று உடைந்தது, பாதுகாப்பும் தளர்ந்தது. புதிய வகை நீட்சிகள் ஒரு வேலிக்குள் இயங்குகின்றன. எஃப்டிபி சர்வரோடு பேசுவதற்கு வேண்டிய நேரடி வலைப்பின்னல் இணைப்பைத் திறக்கும் அனுமதி அந்த வேலிக்குள் கிடையாது. ஃபயர்எஃப்டிபியைப் புதிய முறைக்கு மாற்றி எழுத ஒருவர் எவ்வளவு உழைத்தாலும், அதன் முதன்மையான வேலையைச் செய்யும் வழியே அங்கே இல்லை. இதை அறியாமல் நான் பல மாதங்கள் "புதிய பதிப்பு வரும்" என்று காத்திருந்தேன்.

இரண்டாவது இழப்பு 2021இல் நிகழ்ந்தது. தொதல் பெட்டிக்கான லேபிள் வடிவமைப்புகளை அச்சகத்தார் தங்கள் எஃப்டிபி கோப்புறை ஒன்றில் வைப்பார்கள். பிரௌசரில் நான் சேமித்து வைத்திருந்த புக்மார்க்கைத் தட்டினால் கோப்புப் பட்டியல் திறக்கும், வேண்டியதை இறக்கிக்கொள்ளலாம். அந்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று வந்த ஃபயர்ஃபாக்ஸ் 88 இந்த வசதியை அணைத்து வைத்தது. மேம்பட்ட அமைப்புகள் பக்கத்தில் 'நெட்வொர்க்.எஃப்டிபி.எனேபிள்ட்' என்ற ஒரு வரியை மாற்றினால் மீண்டும் வேலை செய்தது. நானும் மாற்றிக்கொண்டேன், சிக்கல் தீர்ந்தது என்று இருந்துவிட்டேன். ஜூலை 13 அன்று வந்த 90ஆம் பதிப்பில் அந்த வரிக்கே பொருள் இல்லாமல் போயிற்று. எஃப்டிபி தொடர்பான நிரல் முழுவதும் நீக்கப்பட்டிருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எட்டு நாட்கள் இருந்தன, பெட்டி லேபிள் கைக்கு வரவில்லை. குரோம் பக்கம் போகலாம் என்றால், அங்கும் அந்த ஆண்டு ஜனவரியில் 88ஆம் பதிப்போடு எஃப்டிபி அணைக்கப்பட்டு, அக்டோபரில் 95ஆம் பதிப்போடு நீக்கப்பட்டது. இத்தனைக்கும் எஃப்டிபியின் முதல் வரைவு 1971 ஏப்ரல் 16 அன்று வெளியானது. ஐஐடி கான்பூரின் முதல் அணியில் படித்து அமெரிக்காவின் எம்ஐடிக்குச் சென்ற அபய் பூஷண் அதை எழுதினார். சரியாக ஐம்பது ஆண்டு முடிந்த மூன்றாம் நாளில் ஃபயர்ஃபாக்ஸ் அதற்கான கதவைச் சாத்தியது. நம் நாட்டவர் ஒருவர் வடித்த நெறிமுறை இணையத்தின் பழக்கமான வாசலிலிருந்து விடைபெற்றதை நான் வருத்தத்தோடுதான் படித்தேன்.

வருத்தம் இருந்தாலும், நீக்கியது சரி என்பதே என் கருத்து. சாதாரண எஃப்டிபியில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எந்த மறைப்பும் இல்லாமல், அஞ்சலட்டையில் எழுதியதைப் போல, வழியில் இருப்பவர் எவரும் படிக்கும்படி செல்கின்றன. பேருந்து நிலையத்து இலவச வைஃபையில் அமர்ந்து பட்டியலை ஏற்றியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு உதறுகிறது. பிரௌசர்கள் அந்த நெறிமுறையின் மறைகுறியாக்கப்பட்ட வடிவங்களை ஒருபோதும் ஏற்று வளர்க்கவில்லை, பயன்படுத்துவோரும் குறைந்துவிட்டார்கள், ஆகவே அந்தப் பழைய நிரலைச் சுமந்துகொண்டிருப்பது அவற்றுக்கு ஆபத்து மட்டுமே.

ஈடு தேடியபோது முதலில் கிடைத்த ஆலோசனை தவறானது. கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றில், பழைய பிரௌசர் பதிப்பை மீண்டும் நிறுவி, தானியங்கி மேம்பாட்டை அணைத்துத் தந்தார்கள். ஃபயர்எஃப்டிபி திரும்பி வந்தது, மகிழ்ந்தேன். ஆனால் அதே பிரௌசரில்தான் கடையின் வங்கிக் கணக்கும் திறக்கப்படுகிறது. பழைய நீட்சிகளை ஏற்ற கடைசி நீண்டகால ஆதரவுப் பதிப்பான ஃபயர்ஃபாக்ஸ் 52க்கு 2018இலேயே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. கோப்பு அனுப்பும் வசதிக்காக, அடைக்கப்படாத ஓட்டைகளோடு ஒரு பிரௌசரை வைத்துக்கொண்டு அதில் வங்கி வேலையும் பார்ப்பது, ஓடு மாற்றச் சோம்பிக்கொண்டு மழைக்காலத்தில் உப்புக் கிடங்கைத் திறந்து போட்டுவிட்டுப் போவதற்கு ஒப்பாகும். யாரும் இதைச் செய்ய வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

இணையதளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்களின் சிபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பக்கத்தில் உள்ள ஃபைல் மேனேஜர் பிரௌசருக்குள்ளேயே இயங்குவதால், ஒரே ஒரு கோப்பைச் சட்டென்று மாற்ற அது போதும். வெளியூரில் இருக்கும்போது கைப்பேசியிலிருந்து அதைத்தான் பயன்படுத்துகிறேன். நாற்பது படங்களை ஏற்ற அது உதவாது. இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. விண்டோஸின் ஃபைல் எக்ஸ்புளோரரில் எஃப்டிபி முகவரியைத் தட்டச்சு செய்தாலும் திறக்கும், ஆனால் அது மறைப்பில்லாத பழைய எஃப்டிபிதான் என்பதால் அதையும் தள்ளி வைத்தேன்.

இனி ஃபைல்ஸில்லா. டிம் கோஸெ என்பவர் 2001இல் கல்லூரிப் பாடத்திட்டப் பணியாகத் தொடங்கிய இந்த மென்பொருள் கட்டணமற்றது, திறமூலமானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. கட்டணம் செலுத்தி வாங்கும் 'புரோ' பதிப்பும் உண்டு. கூகுள் டிரைவ் போன்ற மேகச் சேமிப்பிடங்களோடு இணைவதற்கு அது பயன்படும், எங்களைப் போன்ற கடைகளுக்கு அது தேவையில்லை. நிறுவும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவிறக்கப் பக்கத்தில் முதலில் கண்ணில் படும் விண்டோஸ் நிறுவியில் வேறு நிறுவனங்களின் மென்பொருள்களும் சலுகை என்ற பெயரில் சேர்ந்து வரலாம். அப்பக்கத்திலேயே கூடுதல் பதிவிறக்கங்களுக்கான இணைப்பைத் தொடர்ந்தால் அந்தச் சேர்க்கை இல்லாத கோப்பு கிடைக்கும். அவசரத்தில் 'அடுத்து, அடுத்து' என்று தட்டிச் செல்பவர்களுக்கு இது ஒரு கண்ணி என்றே கருதுகிறேன். நல்ல மென்பொருளுக்கு இந்த வாசல் தகுதியானதன்று.

திறந்ததும் தெரியும் அமைப்பு ஃபயர்எஃப்டிபியில் பழகியவர்களுக்கு அந்நியமாக இராது. இடப்புறம் நம் கணினி, வலப்புறம் சர்வர், மேலே சர்வரோடு நடக்கும் உரையாடலின் பதிவு, கீழே அனுப்பக் காத்திருக்கும் கோப்புகளின் வரிசை. அந்த மேல்பகுதிப் பதிவைப் பலர் மறைத்து வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மிகவும் பிடித்த பகுதி. கோப்பு ஏறவில்லை என்றால் கடவுச்சொல் தவறா, அனுமதி இல்லையா, சர்வரில் இடம் தீர்ந்துவிட்டதா என்பதை அது வரிவரியாகக் காட்டிவிடுகிறது. 'போகவில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்கும் செயலிகளுக்கு நடுவே இது பெரிய மரியாதை.

எங்கள் கரையோரத்தில் இந்த மென்பொருளின் உண்மையான தேர்வு இணைப்பு அறுபடும்போதுதான் நடக்கிறது. என் வீட்டில் பெரும்பாலும் கைப்பேசி இணையத்தை நம்பித்தான் வேலை. காலையில் நன்றாக இருக்கும், மாலையில் தளர்ந்துவிடும், காற்றும் மழையும் சேர்ந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மின்சாரமும் போய்விடும். ஃபைல்ஸில்லா, பதில் வராத சர்வருக்காக இயல்பாக 20 வினாடிகள் காத்திருந்து இணைப்பைத் துண்டிக்கும், இரண்டு முறை மறுபடி முயலும், ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளை அனுப்பும். நகரத்துக் கம்பிவட இணைப்புக்கு இந்த அளவுகள் பொருந்தலாம். இங்கே நான் காத்திருக்கும் நேரத்தை 60 வினாடிகளாகவும், மறுமுயற்சியைப் பத்தாகவும், ஒரே நேரத்தில் செல்லும் கோப்பை ஒன்றாகவும் மாற்றிவிட்டேன். ஒல்லியான இணைப்பில் இரண்டு படங்கள் முட்டிமோதிக்கொண்டு போவதைவிட ஒன்றன்பின் ஒன்றாகப் போவது நிதானமாக முடிகிறது. இடையில் மின்சாரம் போய்க் கணினி அணைந்தால் மட்டும் சற்றுக் கலக்கம் வரும். மற்றபடி நாமாக மூடிவிட்டு மறுநாள் திறந்தாலும் காத்திருக்கும் வரிசையை அது நினைவில் வைத்திருக்கிறது. தோல்வியுற்றவை தனிப் பட்டியலில் சேர்ந்திருக்கும். அவற்றை மொத்தமாக மீண்டும் வரிசையில் சேர்த்துவிட்டு உறங்கப் போகலாம்.

கைப்பேசி இணையத்தில் எஃப்டிபி தடுமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஃப்டிபி கட்டளைகளுக்கு ஓர் இணைப்பையும் தரவுக்கு வேறோர் இணைப்பையும் பயன்படுத்துகிறது. பழைய 'ஆக்டிவ்' முறையில் தரவு இணைப்பைச் சர்வர்தான் நம் கணினியை நோக்கித் திறக்கும். ஒரே முகவரியைப் பல பேருக்குப் பகிர்ந்து தரும் கைப்பேசி வலைப்பின்னலில் வெளியிலிருந்து வரும் அந்த அழைப்பு நம்மை வந்தடையாது. 'பாஸிவ்' முறையில் இரண்டையும் நாமே திறப்பதால் வேலை நடக்கும். ஃபைல்ஸில்லாவின் இயல்பு அமைப்பு இதுவே. உள்நுழைவு வெற்றி என்று காட்டிவிட்டுக் கோப்புப் பட்டியல் மட்டும் வராமல் நின்றால், முதலில் இந்த அமைப்பைப் பாருங்கள். எஸ்எஃப்டிபிக்கு மாறினால் இந்தத் தொல்லையே இராது. பெயர் ஒத்திருந்தாலும் அது எஃப்டிபியின் தம்பி இல்லை. தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணையும் எஸ்எஸ்எச் என்ற நெறிமுறையின் குடும்பத்தைச் சேர்ந்தது. கட்டளையும் தரவும் ஒரே இணைப்பில், 22ஆம் வாயில் (போர்ட்) வழியாக, மறைகுறியாக்கப்பட்டுச் செல்கின்றன. பிரௌசர் பறித்துக்கொண்டதைத் திரும்பப் பெறும்போது அதைப் பழைய வடிவத்திலேயே பெறாமல், சர்வர் விவரங்களைச் சேமிக்கும் சைட் மேனேஜரில் நெறிமுறை என்ற இடத்தில் எஸ்எஃப்டிபியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்பதே இந்த மதிப்புரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. முதல் முறை இணையும்போது சர்வரின் கைரேகை என்று ஓர் எழுத்துத்தொடரைக் காட்டி நம்பலாமா என்று கேட்கும். நான் ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்டபோது, "ஓகே கொடுத்துடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அதை ஏற்காமல் மின்னஞ்சலில் கேட்டு, அவர்கள் அனுப்பிய தொடரோடு ஒப்பிட்ட பிறகே ஒப்புதல் கொடுத்தேன். இரண்டு நாள் தாமதமானது, அதற்காக நான் வருந்தவில்லை.

கடவுச்சொற்களைச் சேமிக்கும் விதத்தில் கவனம் தேவை. நாமாக எதையும் மாற்றாவிட்டால், ஃபைல்ஸில்லா சேமித்த கடவுச்சொற்களை 'சைட்மேனேஜர்.எக்ஸ்எம்எல்' என்ற கோப்பில் எளிதில் அவிழ்த்துவிடக்கூடிய வடிவில்தான் வைக்கும். அந்தக் கோப்பு எவர் கையில் கிடைத்தாலும் கடைத் தளத்தின் சாவி கிடைத்தது போலத்தான். அமைப்புகளில் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை வைத்துச் சேமித்தவற்றைப் பூட்டும் வசதி 2017 முதல் இருக்கிறது. பலர் வந்துபோகும் கடைக் கணினியில் அதை வைக்காமல் இந்த மென்பொருளைப் பயன்படுத்தவே கூடாது. இவ்வளவு முக்கியமான ஒன்றைப் பயனரின் விருப்பத்துக்கு விட்டிருப்பதை என்னால் பாராட்ட முடியவில்லை.

இனி, என்னை வின்எஸ்சிபியையும் நிறுவவைத்த காரணம். ஒரு மாலை, விலைப்பட்டியல் பாதி ஏறியிருந்தபோது மின்சாரம் போயிற்று. கடைக்காரர் சற்று நேரத்தில் அழைத்தார்: "தம்பி, துபாய்லேருந்து மூணு பேரு கூப்புட்டுட்டாங்க, பட்டியல் தொறக்கவே மாட்டேங்குதாம்." "கரண்ட் போயிருச்சு காக்கா (அண்ணன்), வந்ததும் சரி பண்ணிடுறேன்" என்றேன், ஆனால் மின்சாரம் வந்தது இரவு பத்து மணிக்குத்தான். ஃபைல்ஸில்லா பதிவேற்றும்போது சர்வரில் இருக்கும் அதே பெயருடைய கோப்பின் மேலேயே நேரடியாக எழுதுகிறது. ஆகவே இடையில் அறுந்தால் பழையதும் போய்விடும், புதியதும் பாதிதான் இருக்கும். வின்எஸ்சிபி எஸ்எஃப்டிபி வழியாக அனுப்பும்போது முதலில் 'ஃபைல்பார்ட்' என்ற பின்னொட்டோடு தற்காலிகக் கோப்பாக ஏற்றி, முழுவதும் முடிந்த பிறகே உரிய பெயருக்கு மாற்றுகிறது. நடுவில் எது நேர்ந்தாலும் வாடிக்கையாளர் பார்ப்பது நேற்றைய பட்டியலாகவாவது இருக்கும். இயல்பாக இந்தப் பாதுகாப்பு 100 கேபிக்கு மேற்பட்ட கோப்புகளுக்கு மட்டும்தான். அமைப்புகளில் 'எண்டியூரன்ஸ்' பக்கத்தில் எல்லாக் கோப்புகளுக்கும் என்று மாற்றிக்கொண்டேன்.

விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. சர்வரில் அதே பெயரில் கோப்பு இருந்தால் என்ன செய்வது என்று ஃபைல்ஸில்லா கேட்கும்போது, அறுந்த படத்தைத் தொடர 'ரெஸ்யூம்' சரியான விடை. திருத்திய விலைப்பட்டியலுக்கு அதே விடையைக் கொடுத்தால், சர்வரில் இருக்கும் பழைய கோப்பின் தலையோடு புதிய கோப்பின் வால் ஒட்டப்பட்டு இரண்டுக்கும் உதவாத ஒன்று உருவாகிவிடும். கணக்கு எழுதும் பெண்ணிடம், "படம்னா தொடரு, பட்டியல்னா மேலெழுது" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் அதைத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறார்.

இப்போது எங்கள் ஏற்பாடு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பெருநாளுக்கு முன் ஏறும் படங்கள், மாதம் ஒரு முறை தளத்தின் முழு நகலை இறக்கி வைப்பது, இரண்டு பக்கக் கோப்புறைகளையும் ஒப்பிட்டு எது விடுபட்டிருக்கிறது என்று நிறத்தில் காட்டும் வேலை ஆகியவை ஃபைல்ஸில்லாவில் நடக்கின்றன. நீண்ட வரிசையை அலுக்காமல் சுமப்பதில் அதற்கு இணை நான் பார்த்ததில்லை. விலைப்பட்டியல் மட்டும் வின்எஸ்சிபியில் போகிறது. வின்எஸ்சிபி விண்டோஸில் மட்டுமே இயங்கும்; மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஃபைல்ஸில்லாவில் புதிய பட்டியலை வேறு பெயரில் ஏற்றிவிட்டு, முடிந்ததும் வலப்புறப் பட்டியலில் பெயரை மாற்றினால் அதே பலனைக் கையாலேயே பெறலாம். ஃபயர்எஃப்டிபி தந்த 'எல்லாம் ஒரே ஜன்னலில்' என்ற சுகத்தை இவ்விரண்டாலும் தர முடியாது. புதிதாகக் கற்பவருக்கு அரை மணி நேரம் இப்போது இரண்டு மாலைகளாகிவிட்டது. அந்த அளவுக்கு இழப்பு இழப்புதான்.

அச்சகத்தின் எஃப்டிபி புக்மார்க் கடைசியாகத் தீர்ந்தது. 90ஆம் பதிப்பு முதல் ஃபயர்ஃபாக்ஸ் அத்தகைய இணைப்புகளைத் தான் திறக்காமல், கணினியில் அதற்கெனப் பதிந்துள்ள வேறு மென்பொருளிடம் ஒப்படைக்கிறது. வின்எஸ்சிபியின் அமைப்புகளில் 'இன்டெக்ரேஷன்' என்ற பகுதியில், எஃப்டிபி முகவரிகளைத் தானே ஏற்கும்படி பதிந்துகொள்ளும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அழுத்திய பிறகு, அதே பழைய புக்மார்க்கைப் பிரௌசரில் தட்டினால், வின்எஸ்சிபி ஜன்னல் எழுந்து அச்சகத்தின் கோப்புறையைத் திறக்கிறது. அந்தக் கோப்புறை இன்னும் மறைப்பில்லாத எஃப்டிபியில்தான் இருக்கிறது. லேபிள் படங்களில் இரகசியம் எதுவும் இல்லை என்றாலும், வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு கடவுச்சொல்லை அதற்கென்று தனியாக வைத்திருக்கிறேன், எஸ்எஃப்டிபிக்கு மாறும்படி அவர்களுக்கு எழுதியும் இருக்கிறேன்.